கொம்பு தள்ளி நிற்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கடைப் பலகை எழுத்துகளைப் பற்றி நீங்கள் முன்பு எழுதிய குறிப்பைப் படித்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் எழுத்துதான் கண்ணில் படுகிறது. மருந்துச் சீட்டு, பால் பாக்கெட், பேருந்து, கல்யாணப் பத்திரிகை எதையும் விடுவதில்லை. வீட்டில் சிரிக்கிறார்கள். பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரிகிறது, ஏன் என்று சொல்ல வரவில்லை. அதனால் மூன்று கேள்விகள்.

எங்கள் ஊர் வழியாகப் போகும் ஒரு பேருந்தின் மின்பலகையில் ‘சென்னை’ என்பதில் கொம்பு தள்ளி நிற்கிறது. தவறு எழுத்துருவிலா, பலகையிலா? அடுத்தது, என் மைத்துனர் மளிகைக் கடை வைக்கிறார். பலகைக்கு வந்த இரண்டு மாதிரிகளில் ஒன்று உறுத்துகிறது. எழுத்துரு ஒன்றேதான் என்கிறார் வடிவமைத்தவர். கடைசியாக, பள்ளிப் பொன்விழா மலரைத் தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நாற்பது கட்டுரைகள், ஆளுக்கொரு எழுத்துருவில் வந்திருக்கின்றன. சிலவற்றைத் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாக இருக்கிறது. எந்த எழுத்துருவைப் போடுவது?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

மூன்று கேள்விக்கும் அடியில் ஓடுவது ஒரே சங்கதிதான். பலகையைப் பார்த்ததும் எழுத்துரு சரியில்லை என்று சொல்லிவிடுகிறோம். தமிழில் பெரும்பாலும் எழுத்துரு மேல் பழியே இருக்காது. யாராவது அதை நசுக்கியிருப்பார்கள், நீட்டியிருப்பார்கள், மூன்று சுற்றுக் கரை கட்டியிருப்பார்கள். இல்லையென்றால் தமிழை அடுக்கத் தெரியாத ஒரு மென்பொருளில் கொண்டுபோய்ப் போட்டிருப்பார்கள். ‘எது நல்ல எழுத்துரு’ என்று கேட்பதற்கு முன் ‘இந்த எழுத்துருவை என்ன செய்திருக்கிறார்கள்’ என்று கேட்டால் உறுத்தலுக்குப் பெயர் கிடைத்துவிடும்.

பேருந்திலிருந்தே தொடங்கலாம். ஒருங்குறியில் (யூனிகோடில்) ‘சென்னை’ என்பது ச, கொம்பு, ன, புள்ளி, ன, ஐகாரக் கொம்பு என்ற ஆறு குறிகளாக, ஒலிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகிறது. மெய் முதலில், உயிர் பின்னால். திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கிச் சகரத்துக்கு இடப்பக்கம் வைப்பது காட்டுகிற மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருள் வந்த வரிசையிலேயே கொட்டிவிடும். சகரம் தனியாக நிற்கும், கொம்பு அடுத்த னகரத்தின் முன்னால் போய் ஒட்டிக்கொள்ளும், ஐகாரக் கொம்பு சொல்லின் கடைசியில் அநாதையாகத் தொங்கும். இதை இங்கே தட்டச்சிட்டுக் காட்ட முடியாது. உங்கள் உலாவிக்கு அடுக்கத் தெரியும், உடனே திருத்திவிடும்.

ஆக, தவறு எழுத்துருவில் இல்லை. பலகையின் கட்டுப்பாட்டு மென்பொருளில் இருக்கிறது. மாற்று வழி எளிது: ஊர்ப் பெயரை எழுத்தாக அனுப்பாமல், கணினியில் சரியாக அடுக்கி, பலகையின் விளக்குப் புள்ளி அளவுக்கே படமாக்கி அனுப்புவது. படத்தில் கொம்பு நகர வழியில்லை.

கொம்பு சரியாக நின்றாலும் மின்பலகையில் இன்னொரு சிக்கல் உண்டு. 16 விளக்குப் புள்ளி உயரப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு மேலும் கீழும் எதுவும் வராது, முழு உயரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். தமிழுக்கு மேல்விலங்குக்கும் (ி, ீ) மெய்ப்புள்ளிக்கும் மேலே 4, கு, ழு, று போன்றவற்றின் கீழ்ப்பகுதிக்கு 4 ஒதுக்கினால் உடலுக்கு மிஞ்சுவது 8 புள்ளிதான். அகலம் அதைவிட மோசம். எழுத்துக்கு 8 புள்ளி என்று ஆங்கிலக் கணக்கில் கட்டம் கட்டியிருந்தால் மூன்றுசுழி ணகரம் அதில் அடங்காது. கோட்டுக்கு ஒரு புள்ளி, நடு வெளிக்கு ஒரு புள்ளி என்று எண்ணிப் பாருங்கள், ஒன்பதைத் தாண்டிவிடும். அடக்கியே தீர வேண்டுமென்றால் ஒரு சுழியை விழுங்க வேண்டும். அப்போது ணகரம் இரண்டுசுழி னகரமாகிவிடும். தமிழுக்கு வேண்டியது எழுத்துக்கு எழுத்து அகலம் மாறுகிற கட்டம். ஊர்ப் பெயர் நீண்டால் ஓடவிடுவதைவிட இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றிக் காட்டுவது நல்லது. நிறுத்தத்தில் நிற்பவருக்கு இருப்பது சில நொடிகள்.

இனி மளிகைக் கடை. எழுத்துரு ஒன்றேதான் என்று வடிவமைத்தவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். டகரத்தைப் பாருங்கள். நின்ற கோடு ஒன்று, படுத்த கோடு ஒன்று, வேறொன்றும் கிடையாது. பலகைக்கு வழக்கமாக எடுக்கும் சீரான தடிமன் கொண்ட எழுத்துருவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமனில் இருக்க வேண்டும். நின்ற கோடு மெலிந்து படுத்த கோடு தடித்திருந்தால் பக்கவாட்டில் நசுக்கியிருக்கிறார்கள். நின்றது தடித்துப் படுத்தது மெலிந்திருந்தால் இழுத்து நீட்டியிருக்கிறார்கள். பலகையில் டகரம் இல்லையென்றால் பகரம். ‘மளிகை’யிலோ ளகரத்தின் சுழி இருக்கிறது. வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவில் நின்றால் அதே கதை. உங்களை உறுத்திய மாதிரி அநேகமாக 70 சதவீதத்துக்கு நசுக்கியதாக இருக்கும்.

ஏன் நசுக்குகிறார்கள்? தமிழ் அகலமான எழுத்து. போதாக்குறைக்குச் சொல்லும் நீளம். தமிழ்நாட்டுக் கடைப் பலகைகளில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இடத்தைத் தமிழுக்கு ஐந்து பங்கு ஒதுக்கிவிட்டு, அதற்குள் கடைப் பெயர், ‘மளிகை மற்றும் பொது வணிகம்’, உரிமையாளர் பெயர், இரண்டு கைப்பேசி எண், சாமி படம் எல்லாவற்றையும் திணித்தால் கடைசியில் நசுங்குவது எழுத்துதான். ஐந்து பங்கு இடம் கொடுத்தும் மூன்று பங்கு ஆங்கிலம் முந்திக்கொண்டு கண்ணில் படுகிற பலகைகள் எல்லாத் தெருவிலும் இருக்கின்றன.

செய்ய வேண்டியது இது. பலகைத் தொழிலில் 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து உயரம் என்று ஒரு கணக்கு உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துச் சொன்னது அது. தமிழுக்கு விலங்கையும் கீழ்ச்சுழியையும் சேர்க்காமல் உடலின் உயரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்ச்சாரி 40 அடி தள்ளி இருந்தால் உடல் 4 அங்குலம். மேலும் கீழும் அதில் பாதிப் பாதி வேண்டும், ஆக ஒரு வரிக்கு 8 அங்குலம் போய்விடும். முதலில் கடைப் பெயரை இந்தக் கணக்கில் வையுங்கள். மிச்ச இடத்தில் எது கொள்கிறதோ அது மட்டும் இருக்கட்டும். கைப்பேசி எண்ணை எதிர்ச்சாரியிலிருந்து யாரும் குறித்துக்கொள்வதில்லை, அது கதவுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும்.

அப்படியும் இடம் போதவில்லையா? நசுக்காமல், ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்துருவை எடுங்கள். ஏக் டைப் குழுவின் அனெக் தமிழ் எழுத்துருவில் அகலத்தை 75 முதல் 125 சதவீதம் வரை மாற்றிக்கொள்ளலாம். நோட்டோ சான்ஸ் தமிழிலும் ஒடுக்க வடிவங்கள் உண்டு. இரண்டும் விலையில்லாமல் கிடைக்கும். இவற்றில் அகலம் குறையும்போது கோட்டின் பருமனும் சேர்ந்து திருத்தப்படுகிறது. டகரத்தை வைத்தே சோதித்துப் பாருங்கள்.

எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கரை, அதைச் சுற்றிச் சிவப்புக் கரை, அதன் கீழே நிழல் என்று போடும் பழக்கத்தையும் தடுத்துவிடுங்கள். முதலில் பலியாவது புள்ளி. கரை தடிக்கத் தடிக்கப் புள்ளி கீழே இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் ‘ன்’ வெறும் ‘ன’ ஆகத் தெரியும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டுவதும் வேண்டாம். ஆங்கிலத்தில் அது அழகாக இருக்கலாம். தமிழில் ‘கொ’ என்ற ஒரே எழுத்து கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டாகி, மூன்று எழுத்து போல நிற்கும். கடைசியாக, அச்சுக்குக் கோப்பைக் கொடுக்கும்போது எழுத்தை எழுத்தாகக் கொடுக்காமல் ‘கர்வ்’ (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஃபிளெக்ஸ் கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் கொம்பெல்லாம் மறுபடி இடம் மாறும்.

பழைய ஊர்களில் சுவர் விளம்பரங்களைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய 13 எழுத்துகளுக்கு முன்பு தனி வடிவம் இருந்தது. லையின் முன்னால் யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு ஏறும். பெரியார் 1935-இலேயே குடி அரசு இதழில் சீர்திருத்த வடிவத்துக்கு மாறினார். தமிழ்நாடு அரசு அதை ஏற்றது 1978-இல். ஆனால் பழைய வடிவத்தைப் பார்த்ததும் பலகை 1978-க்கு முந்தியது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எழுதியவரின் கை பழகிய வடிவம் அரசாணைக்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது. ஒருங்குறியில் இரண்டு வடிவத்துக்கும் குறி ஒன்றே. தும்பிக்கை வேண்டுமா வேண்டாமா என்பது எழுத்துரு வரைபவர் கையில்.

மலருக்கு வருவோம். எந்த எழுத்துரு என்ற முடிவைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, வந்த கட்டுரைகளை முதலில் ஒரே குறியீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிபவை பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டவை. அவற்றுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறார்கள். எந்தச் சட்டை என்று கண்டுபிடிக்க, ‘தமிழ்’ என்ற சொல் வந்திருக்கும் இடத்தைத் தேடி அது ஆங்கிலத்தில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாக வந்தால் அது பாமினி என்ற பழைய எழுத்துரு. அந்த ஐந்தும் முறையே த, ம, மேல்விலங்கு, ழ, புள்ளி. வேறு மாதிரி தெரிந்தால் வானவில் போன்ற வேறு முறையாக இருக்கும். முறை தெரிந்துவிட்டால் மாற்றிக் கொடுக்கும் செயலிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. தவறான முறையைத் தேர்ந்தெடுத்தால் பாதி சரியாகவும் பாதி பிசகாகவும் வரும். அந்தப் பாதிச் சரியில் ஏமாந்துவிடக் கூடாது.

மாற்றிய பிறகு களையெடுக்க வேண்டும். முதல் களை காலின் மேல் வைத்த புள்ளி. ‘அவர்கள்’ என்பது ‘அவா்கள்’ என்று இருக்கும். இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறதா? தொந்தரவே அதுதான். ரகரத்தின் அடியில் சாய்வாக இறங்கும் சிறு கோடுதான் அதைக் காலிலிருந்து பிரிக்கிறது. பல எழுத்துருக்களில் புள்ளியோ மேல்விலங்கோ ஏறும்போது அந்தக் கோட்டை விட்டுவிடுவார்கள். அது அச்சு மரபு, குற்றமில்லை. ஆனால் அதை நம்பி ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் காலையும் புள்ளியையும் போட்டுவிட்டால் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறொன்று. தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் அடுக்கினால் எங்கோ போய் நிற்கும், வாசித்துக் காட்டும் கருவி திணறும். தமிழில் காலின் மேல் புள்ளி எங்கேயும் வராது. எனவே கால்+புள்ளி என்று தேடி, எல்லாவற்றையும் ‘ர்’ என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

இரண்டாவது களையை அப்படிப் பிடுங்க முடியாது. ‘ஔவையார்’ என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகவும், ‘கௌதமன்’ என்பதைக் கெ, ள என்றும் தட்டச்சிட்டிருப்பார்கள். இதையும் ஒட்டுமொத்தமாக மாற்றப் போனால் ‘ஒளி’யும் ‘தெளிவு’ம் ‘வெள்ளம்’மும் சேர்ந்து நாசமாகும். ளகரத்தின் மேல் புள்ளியோ வேறு குறியோ இருந்தால் அது உண்மையான ளகரம், தொடாதீர்கள். வெறும் ளகரமாக நின்றால் பெரும்பாலும் ஔகாரம்தான். மௌனம், பௌர்ணமி, சௌகரியம், கௌரவம், ஔடதம் என்று சொல் சொல்லாகத் தேடித் திருத்துங்கள், ஒரு மணி நேர வேலை. நல்ல எழுத்துருவில் ஔகாரத்தின் ளகரம் கொஞ்சம் சிறியதாக வரையப்பட்டிருக்கும், திருத்தியதும் வித்தியாசம் தெரியும்.

அடுத்து, தட்டச்சுப் பொறிப் பழக்கத்தில் கொம்பை முதலில் அடித்தவர்களின் கட்டுரைகள். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா உருவாக்கிய காலத்திலிருந்தே தமிழ்த் தட்டச்சுப் பொறியில் கண்ணுக்குத் தெரியும் வரிசைதான், கொம்பு முதலில், மெய் பிறகு. அந்தக் கை ஒருங்குறியிலும் அப்படியே அடித்தால் கொம்பு பற்ற ஆளில்லாமல் ஒரு புள்ளி வட்டத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். புள்ளி வட்டம் தெரியும் இடமெல்லாம் கையால் திருத்த வேண்டியதுதான். 1999-இல் வந்த தமிழ்99 விசைப்பலகையில் மெய்யை அடித்து உயிரை அடிக்க வேண்டும், அதில் பழகியவர்கள் அனுப்பியவற்றில் இந்தக் களை இருக்காது.

இப்போது எழுத்துரு. நீள வாசிப்புக்குத் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும் வடிவம் கண்ணுக்கு இதம். நோட்டோ செரிஃப் தமிழ் போதும். தலைப்புகளுக்கு பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான். அதில் மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை 9 பருமன்கள் இருக்கின்றன, வேறொன்றைத் தேட வேண்டாம். இந்த இரண்டுக்கு மேல் மூன்றாவது வேண்டியதில்லை. பலூ தம்பி உருண்டு திரண்ட நல்ல எழுத்துருதான், மழலையர் பக்கத்தில் போடுங்கள். மறைந்த தலைமையாசிரியருக்கான அஞ்சலிப் பக்கத்தில் போட்டுவிடாதீர்கள். கவிதை என்றதும் சாய்வெழுத்து தேடுவார்கள். தமிழில் சாய்வெழுத்துக்கு அச்சு மரபு கிடையாது, பொத்தானை அழுத்திச் சாய்த்தால் சுழியெல்லாம் சரிந்துவிழும். லதா எழுத்துருவைப் பழிப்பது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. விண்டோஸ் 2000 காலத்துத் திரையில் தமிழ் தெளிவாகத் தெரிய வந்த எழுத்துரு அது, அந்த வேலையை ஒழுங்காகச் செய்தது. தாளில் 100 பக்கம் ஓட்டுவதற்கு அது பொருந்தாது, அவ்வளவே.

தடித்த எழுத்து வேண்டுமென்றால் அந்த எழுத்துருவின் தடித்த பருமனையே நிறுவித் தேர்ந்தெடுங்கள். இல்லாத பருமனை மென்பொருளே தடிக்க வைத்தால் கோட்டைச் சுற்றி மை பூசியது போல ஆகும், ண, ழ, ஞ ஆகியவற்றின் சுழிகள் அடைந்துவிடும். இன்டிசைனில் பக்கம் கட்டுவதாக இருந்தால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி’ அடுக்கியைத் தேர்ந்தெடுத்த பிறகே கட்டுரையை ஒட்டச் சொல்லுங்கள். அதை மறந்தால் பேருந்துப் பலகையில் பார்த்த அதே கூத்துதான்.

எழுத்தளவு 11 புள்ளி (பாயின்ட்) என்றால் வரிக்கு வரி 16 அல்லது 17 புள்ளி. ஆங்கிலத்துக்குப் போடும் 14-ஐ வைத்தால் மேல்வரியின் ‘ழு’ கீழ்வரியின் ‘கீ’யில் இடிக்கும். ஏ4 பக்கத்தில் இரண்டு பத்தியாகக் கட்டினால் வலது ஓரத்தைச் சீராக்க வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஒரு வரிக்கு நாலைந்துதான் கொள்ளும். ஓரத்தைச் சீராக்கினால் சொற்களுக்கு நடுவே வெள்ளை வாய்க்கால் ஓடும். சொல்லைப் பிரிக்க நேர்ந்தால் புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தலையில் போய் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடர்ந்த நிறத்தின் மேல் வெள்ளை எழுத்துப் போடும் பக்கங்களில் 10 புள்ளிக்குக் கீழே இறங்க வேண்டாம், சாதாரணத்துக்கு ஒரு படி தடித்த பருமன் எடுங்கள், இல்லாவிட்டால் மை பரவிப் புள்ளியை மூடிவிடும். கல்யாணப் பத்திரிகையில் மெரூன் தாளில் தங்க ஃபாயிலில் ஸ்ரீயும் ஜவும் அடைந்துபோவதும் இதே காரணத்தால்தான்.

மெய்ப்பைத் திரையில் பார்க்காமல் அச்சாகும் அளவிலேயே தாளில் எடுத்துப் பாருங்கள். வாசிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் தலைகீழாகப் பிடித்து ஒரு முறை பார்த்துவிடுங்கள். சொற்கள் கண்ணை இழுக்காதபோது வாய்க்காலும், இடிக்கும் வரிகளும், எங்கிருந்தோ நுழைந்த வேறு எழுத்துருவும் சட்டென்று தெரியும். நன்கொடையாளர் பட்டியலை மட்டும் நேராகப் பிடித்து, பெயர் பெயராக, விரல் வைத்துப் பாருங்கள்.